ஜெர்மன் மொழியில் முட்டைக்கு ‘ஐ’: இச்சொல் எங்கிருந்து வந்தது?

கேள்வி:
ஜெர்மன் மொழியில் முட்டையை ‘ஐ’ என்கிறார்கள். அதன் பன்மை நம் காதில் ஏறக்குறைய ‘ஐயா’ என்றே விழுகிறது. ஆங்கிலத்தின் ‘எக்’ இதற்கு உறவா? உணவுப் பொட்டலங்களில் காணும் ‘ஐவைஸ்’ வெள்ளைக்கருவைத்தான் குறிக்கிறதா?

மறுமொழி 1:
உறவுதான். இரண்டும் ஒரே பழைய ஜெர்மானிய மூலத்திலிருந்து கிளைத்தவை. லத்தீனின் ‘ஓவும்’ தூரத்துச் சொந்தம். பழைய ஆங்கிலத்திலும் ஜெர்மனை ஒத்த வடிவமே வழங்கியது. ‘எக்’ ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து பின்னர் வந்து அதை வெளியேற்றிவிட்டது. கப்பல் ஓடக் காற்றில்லாமல் கரையொதுங்கிய வணிகர் ஒருவர் ‘எக்ஸ்’ கேட்டபோது, தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று வீட்டுப்பெண் கைவிரித்ததாகவும், மற்றொருவர் ‘எய்ரென்’ என்றதும் அவளுக்குப் புரிந்ததாகவும் இங்கிலாந்தின் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்த ‘எய்ரென்’தான் ஜெர்மன் பன்மைக்கு நெருங்கியது.

மறுமொழி 2:
‘ஐவைஸ்’ வெள்ளைக்கருவையும் குறிக்கும், புரதத்தையும் குறிக்கும். பொட்டலத்தின் சத்துப் பட்டியலில் கிராம் கணக்கோடு இருந்தால் அது புரதமே. முட்டையே சேராத பருப்புப் பொட்டலத்திலும் அதைப் பார்க்கலாம். ஆஃப்பாயில் போன்று மஞ்சள்கரு உடையாமல் பொரித்தது ‘ஷ்பீகல்ஐ’, அதாவது முகம்பார்க்கும் கண்ணாடி முட்டை. ஏதாவது ஒரு விஷயம் அவ்வளவு சிறப்பில்லை என்றால், ‘முட்டையின் மஞ்சள்கரு அல்ல’ என்பார்கள்.

மறுமொழி 3:
ஓர் எச்சரிக்கை: பன்மை வடிவம் கொச்சைப் பேச்சில் ஆண்களின் விதைகளையும் குறிக்கும். எனவே சந்தையில் முட்டைக்காரரிடம் நகைச்சுவை செய்ய முயலாதிருப்பது நல்லது.