நிறத்தைப் பற்றிக் கேட்கப் போனவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் எழுதுங்கள்

கடைசி செமஸ்டர்

எம்.ஏ. சமூகவியல் ப்ராஜெக்டுக்காக ஆலங்குளம் பக்கம் 60 பெண்களிடம் நிறம் பற்றிக் கேட்டேன். யார் சிவப்பு, யார் மாநிறம், மருமகள் எப்படி வேண்டும், எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான், விடுங்கள். ஒரே ஒருத்தர் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

பெயிண்ட் கடையில் சும்மா கொடுக்கும் ஷேடு கார்டில் பழுப்பு வரிசையை மட்டும் வெட்டி, 8 கட்டமாக ஒட்டி எடுத்துப் போயிருந்தேன். "உங்க நிறம் எதுன்னு தொட்டுக் காட்டுங்க" என்பதுதான் முதல் கேள்வி. நூறு நாள் வேலை முடிந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி கார்டை வாங்கிப் புறங்கைமேல் வைத்தார். ஏழாவது கட்டம் அப்படியே பொருந்தியது. டிக் அடிக்கப் போனேன். "பொறு தாயி" என்று ரவிக்கைக் கையைச் சுருட்டி, மேல்கையின் உட்பக்கம், அக்குளுக்குச் சற்றுக் கீழே கார்டை வைத்தார். நாலாவது கட்டம்.

"இதுல்லா என் நெறம். மேல கெடக்கது வெயிலு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. நான் எதில் டிக் போடுகிறேன் என்று பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது, கட்டத்தை எண்ணத் தெரியும்.

இரண்டு வாரமாக அந்தப் படிவம் மட்டும் தனியாகக் கிடக்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஸ்டூடியோ தம்பி

ப்ராஜெக்ட் எல்லாம் செய்ததில்லை. ஒரு ஸ்டூடியோவில் 6 வருடம் போட்டோஷாப் வேலை பார்த்தேன். ஜாதகத்தோடு கொடுக்கிற போட்டோ என்றால் கேட்காமலே முகத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடுவோம். ஒரு நாள் முகூர்த்த சீசன் அவசரத்தில் முகத்தை மட்டும் ஏற்றிப் பிரிண்ட் போட்டுவிட்டேன். பெண்ணின் அம்மாவுக்கு ஏகத் திருப்தி, பர்ஸைத் திறந்துவிட்டார். அந்தப் பெண் படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணா, காதை விட்டுட்டீங்களே."

உண்மைதான். முகம் ஒரு ஊர், காது வேறு ஊர். 'என் நிறத்துக்கே மாத்திடுங்க' என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காது, கழுத்து, கை எல்லாம் ஏற்றி முடிக்கும்வரை ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வளையலுக்குக் கீழே ஒரு இடம் விட்டுப்போனதையும் அவள்தான் காட்டினாள்.

நைட் டியூட்டி

காது என்றதும் எழுதத் தோன்றியது. நான் பிரசவ வார்டு நர்ஸ். பிறந்த பிள்ளையின் காது மடல் நுனியைத் திருப்பிப் பார்க்காத பாட்டியை நான் பார்த்ததே கிடையாது. அந்த நுனி என்ன நிறமோ, பிள்ளை வளர்ந்ததும் அதுதான் என்று ஒரு கணக்கு. பிறக்கும்போது பெரும்பாலும் வெளுப்பாகவோ சிவந்தோதான் இருக்கும், நிறம் ஏறச் சில மாதம் ஆகும். அது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் காதைப் பார்க்கிறார்கள்.

ஒரு நாள் டாக்டர் தையல் போட்டுக்கொண்டிருக்கிறார். படுத்திருந்த பெண் என் கையைப் பிடித்து இழுத்து, "சிஸ்டர், காது பாத்தீங்களா?" என்றாள். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. குங்குமப்பூ வாங்க மாமியார் சீட்டுப் பணத்தை எடுத்தாராம், அதை முந்தின நாளே சொல்லியிருந்தாள். "பாத்தேன், நல்லா இருக்கு" என்றேன். நான் பார்க்கவே இல்லை.

எட்டாம் நம்பர் பஸ்

என் அனுபவம் சின்னது. ஒன்றுவிட்ட தம்பி கல்யாணத்தில், பந்தி நடக்கும்போது ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தக் கடைசி இலைக்கு சாம்பார்" என்றார். வாளியை எடுத்துப் பரிமாறிவிட்டேன். அவரும் சொந்தக்காரர்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன வியாதி. அதற்கு முன்பு நமக்குக் கருப்புதான் அழகு. கண்ணன் கருப்பு, காளி கருப்பு, கருப்பசாமி பெயரிலேயே கருப்பு. ப்ராஜெக்டில் இதை முதல் அத்தியாயமாக வையுங்கள்.

பழைய ஏடு

பஸ்காரரே, சாமி கருப்பு என்பதால் மருமகளும் கருப்பாக இருக்கட்டும் என்று எந்த வீட்டில் சொன்னார்கள்? கருப்பசாமிக்குக் கிடா வெட்டிவிட்டு வந்த கையோடு, தரகர் நீட்டிய போட்டோவைக் குப்புறக் கவிழ்த்து வைத்தவர் என் சொந்தச் சித்தப்பா. கூடத்தில் நானும் இருந்தேன். அவர் சொன்னது ஒரே வார்த்தை: "அடுத்தது."

வெள்ளைக்காரனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் வயலில் நிற்பது, யார் திண்ணை நிழலில் உட்காருவது என்ற ஏற்பாட்டை அவனா கப்பலில் கொண்டுவந்தான்? அதற்குச் சாதி என்று பெயர். சங்கப் பாட்டில் தலைவி மாந்தளிர் போன்ற தன் மாமை நிறம் போய்ப் பசலை படர்கிறதே என்று புலம்புவாள். அங்கே வெளுத்துப் போவதுதான் நோய். அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரே ஒரு வில்லன் அகப்பட மாட்டான். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் குளோ அண்ட் லவ்லி ஆகிவிட்டது. எங்கள் தெருக்கடையில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

எட்டாம் நம்பர் பஸ்

சாதி இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? நான் சொல்லாததற்கெல்லாம் பதில் எழுதுகிறீர்கள். சாம்பார் ஊற்றச் சொன்னவரும் எங்கள் ஆள்தான், அதற்கு என்ன சொல்வீர்கள்?

ரிட்டயர்ட் கைடு

நானும் எம்.ஃபில். செய்தபோது கேள்வித்தாளோடு வீடு வீடாக அலைந்திருக்கிறேன். ஒரு வீட்டில் நாய் கடித்தது. அது கிடக்கட்டும்.

மாணவிக்குச் சில விஷயங்கள். பெயிண்ட் கார்டைத் தூக்கிப் போடுங்கள். பளபளப்புத் தாள், வெயிலில் ஒரு மாதிரியும் நிழலில் ஒரு மாதிரியும் தெரியும். மானிடவியலில் ஒரு காலத்தில் ஃபான் லூஷான் என்பவரின் 36 கண்ணாடி வில்லைகளைத் தோலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு ஆய்வாளரும் ஒவ்வோர் எண் சொன்னதால் அதை விட்டுவிட்டு, தோலில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் கருவிக்குப் போனார்கள். வெயில் படாத நிறம் வேண்டுமென்றால் அந்தக் கருவியை வைக்கும் இடம் மேல்கையின் உட்புறம். ஆச்சி சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார். தோல் டாக்டர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் வேறு சமாச்சாரம். அதுவும் 1975-தான். வெயிலில் நின்றால் தோல் சிவந்து எரியுமா, கறுக்குமா என்று கேட்டு வகை பிரிப்பது. முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் போட்டார்கள், நம்மைப் போன்றவர்களைப் பிறகுதான் சேர்த்தார்கள்.

அப்புறம், "உங்களுக்கு எப்படிப்பட்ட மருமகள் வேண்டும்" என்று நேராகக் கேட்டால் "குணம் போதும்மா" என்றுதான் பதில் வரும். "உங்க தெருவுல என்ன பாக்குறாங்க" என்று கேளுங்கள், கொட்டுவார்கள். முடிந்தால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போய்ப் பழைய இதழ்களைப் புரட்டுங்கள். சிவப்பு, மாநிறம், புதுநிறம் என்ற சொற்களை வரன் விளம்பரங்களில் எண்ணினாலே ஒரு அத்தியாயம் தேறும். ஷாதி டாட் காம் 2020-ல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்ததையும் சேர்க்கலாம். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கினீர்களா? ஸ்பைரல் பைண்டிங் வேண்டாம், தாள் பிய்ந்துவிடும்.

கடைசி செமஸ்டர்

ஐயா, மிகவும் நன்றி. ஆனால் நேற்றே பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன். ஸ்பைரல்தான்.

மேல்கை விஷயம் முன்பே தெரிந்திருந்தால் கைடிடம் வாதாடியிருப்பேன். "ஒருத்தருக்கு ஒரு விடைதான். ரெண்டு இருந்தா அந்தப் படிவத்தை எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டேன். அட்டவணை எல்லாவற்றிலும் கூட்டினால் 59 வரும். தலைப்புப் பக்கத்தில் 60 என்று அச்சாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வைவா. யாராவது கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டால் ஆச்சியைப் பற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

ஸ்டூடியோ தம்பி

அதெல்லாம் யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள் தங்கச்சி. தைரியமாகப் போங்கள்.