மாலத்தீவு சஃபாரி படகு, பிப்ரவரி 2022: முன்பணம் கட்டலாமா?

நொய்யல் | 28 நவம்பர் 2021

நாங்கள் ஆறு பேர். எல்லோரும் குறைந்தது 30 டைவ் முடித்தவர்கள். பிப்ரவரி 5 சனிக்கிழமை மாலேயில் ஏறி, 12 சனிக்கிழமை இறங்குகிற மாதிரி ஒரு சஃபாரி படகு பார்த்து வைத்திருக்கிறோம், படகிலேயே தங்கி ஆழ்கடலில் டைவ் பண்ணுகிற வகை. ஏழு இரவு, வாவு, ஆரி என்ற பவழத் தீவுக்கூட்டங்கள் பக்கம், தினமும் மூன்று டைவ். கொச்சி வழியாகப் போய்வர யோசனை. முன்பணம் 30 சதவீதத்தை வருகிற வெள்ளிக்குள் கட்ட வேண்டும். தேதி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பணம் திரும்பாது என்கிறார்கள்.

நேற்று முன்தினம்தான் புது கொரோனா திரிபுக்கு ஓமிக்ரான் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கட்டலாமா?

கடற்பஞ்சு | 28 நவம்பர்

தாராளமாகக் கட்டுங்கள். நான் புதுச்சேரியில் டைவ் கற்றுக்கொடுக்கிறவன். அக்டோபரில் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். படகில் இருபது பேர். ஏறும்போது ஒவ்வொருவர் கையிலும் நெகட்டிவ் ரிப்போர்ட். சாப்பாடு திறந்த மேல்தளத்தில். டேங்க், கம்ப்ரஸர், நம் சாமான் எல்லாம் கூடவே வருகிற இன்னொரு படகில்தான். அதை மாலத்தீவுக்காரர்களும் தோணி என்றே சொல்கிறார்கள், கேட்கவே சந்தோஷமாக இருந்தது. பெரிய படகு தூங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் மட்டும்.

இந்தக் கார்த்திகை முகூர்த்தத்தில் கோவையில் எத்தனை மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தீர்கள் நொய்யல்? அங்கே வாசலில் யாராவது ரிப்போர்ட் கேட்டார்களா?

கரையோரம் | 29 நவம்பர்

மண்டபத்தில் தொற்றினால் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். நடுக்கடலில் தொற்றினால்?

கையில் இருக்கிற ரிப்போர்ட் நான்கு நாள் பழசு. மாலத்தீவு கேட்பது கிளம்புவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர். மாதிரி கொடுத்த பிறகுதான் நீங்கள் ரயில் ஏறுகிறீர்கள், விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறீர்கள். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ் கப்பலை மறந்துவிட்டோமா? 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். டைவ் முகக்கண்ணாடியில் பனி படியாமலிருக்க எச்சில் துப்பித் தேய்த்துவிட்டு எல்லோரும் ஒரே வாளித் தண்ணீரில் அலசுவீர்களே, அந்த வாளியை நினைத்துப் பாருங்கள்.

கடற்பஞ்சு | 29 நவம்பர்

வாளிக்கு நானும் எதிரி. அதற்குத்தான் பனி படியாமலிருக்கும் மருந்து ஒரு சிறு பாட்டில் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் டைமண்ட் பிரின்சஸை இங்கே இழுப்பது சரியில்லை. அது மிதக்கிற ஊர். ஜன்னலே இல்லாத உள்ளறைகள், தடுப்பூசி இல்லாத காலம். இது பத்து கேபின் படகு, எல்லோரும் இரண்டு ஊசி போட்டவர்கள், பாதி நாள் தண்ணீருக்கு அடியில். அங்கே யார் யார்மேல் தும்ம முடியும்?

கரையோரம் | 29 நவம்பர்

சரி, கப்பலை விடுங்கள். பத்து கேபின், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர், ஏசி. மூன்றாம் நாள் ஒருவருக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். ரிசார்ட்டாக இருந்தால் அந்த ஒரு அறையை மூடிவிட்டு மற்றவர்கள் டைவ் பண்ணலாம். படகில் கேபின் தோழர், டைவ் ஜோடி, மேஜையில் எதிரே உட்கார்ந்தவர் எல்லோரும் தொடர்பில் இருந்தவர்கள். படகு மாலேக்குத் திரும்பினால் இருபது பேருக்கும் பயணம் முடிந்தது. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரையில் தங்கி டைவ் பண்ணுங்கள் என்கிறேன். இல்லாவிட்டால் அந்தமான் இருக்கிறது, பாஸ்போர்ட்கூட வேண்டாம்.

கடற்பஞ்சு | 29 நவம்பர்

அந்தமான் நல்ல இடம்தான். ஆனால் கடலுக்கு நடுவே இருக்கிற வாய்க்கால்களில் நீரோட்டத்தோடு சேர்ந்து இறங்கி, சுறாக்கள் எதிர்நீச்சல் போட்டு நிற்பதைப் பார்க்கிற டைவ் அங்கே எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே வாரத்தில் வாவுவும் ஆரியும் பார்க்கப் படகுதான் வழி. பிப்ரவரியில் மாண்டா திருக்கைகள் தீவுத்தொடரின் மேற்குப் பக்கம் நிற்கும். ரிசார்ட் கிழக்கே மாட்டினால் என்ன செய்வீர்கள், கையைப் பிசைவீர்களா?

மாலேவாசி | 30 நவம்பர்

நான் தூத்துக்குடிக்காரன், மாலேயில் ஆறு வருஷமாக வேலை. (நம் ஊர்த் தோணிகள் வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு இங்கே வருகிற கதை தனி.) இரண்டு பேரும் போகிற வழியைப் பற்றியே பேசுகிறீர்கள். சிக்கல் திரும்புகிற வழியில் இருக்கிறது.

இந்தியா கேட்பது புறப்படுவதற்கு முன் 72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர், அதை ஏர் சுவிதா என்ற அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். உங்கள் விமானம் 12 சனி. புதன் மதியத்துக்கு முன் கொடுத்த மாதிரி செல்லாமல் போகலாம். வெள்ளிக்கிழமை இங்கே வார விடுமுறை, அன்று கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வருமா வராதா என்று நகம் கடிக்க வேண்டும். ஆக, வியாழன் காலைதான் தோது. அந்த நேரம் படகு எங்கே நிற்கும் என்று கேளுங்கள். தெற்கு ஆரியில் மஹிபதூ பக்கம் என்றால் அங்கே மருத்துவமனை இருக்கிறது. நடுவழியில் ஏதோ ஒரு மணல்திட்டு அருகே என்றால் யார் வந்து மூக்கில் குச்சி விடுவார்கள்? "ஏற்பாடு செய்வோம்" என்பதை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

பெயர் விஷயம் இன்னொன்று. நம்மவர்களுக்கு இனிஷியல் ஒரு தொல்லை. கோவின் சான்றிதழில் "எம்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, லேப் ரிப்போர்ட்டில் இரண்டும் இல்லை. கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள், பாஸ்போர்ட் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும்.

படகில் வேலை செய்கிற பையன்களையும் யாராவது நினைத்தீர்களா? வாரா வாரம் புதுசாக இருபது பேர் வந்து ஏறுகிறார்கள். இவர்கள் கீழ்த்தளத்தில் ஒரே அறையில் நாலைந்து பேராகப் படுக்கிறார்கள்.

மழைக்காலம் | 1 டிசம்பர்

மாலேவாசி சொன்னதற்கு நானே சாட்சி. செப்டம்பரில் போனேன், படகின் பெயர் வேண்டாம். கடைசி நாள் பிசிஆர் பாசிட்டிவ். ஒரு தும்மல்கூட இல்லை. அதற்கு ஆறு வாரம் முன்பு எனக்குக் கோவிட் வந்து போயிருந்தது. போகும்போது நெகட்டிவ், வரும்போது பாசிட்டிவ். பழைய தொற்றின் மிச்சத்தைப் பிசிஆர் வாரக்கணக்கில் காட்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த குழு மதியம் ஏறுகிறது, பன்னிரண்டுக்குள் கேபினைக் காலி செய்யுங்கள் என்றார்கள். பத்து இரவு ஒரு தனிமை ஓட்டலில், சொந்தப் பணத்தில். பயணக் காப்பீடு கைவிரித்துவிட்டது. சிகிச்சை எடுத்தால் தருவோம், சும்மா படுத்திருந்தால் தரமாட்டோம் என்றார்கள். டைவ் காப்பீடு அழுத்த அறைக்கும் (டைவில் உடம்புக்குள் காற்றுக் குமிழி சிக்கினால் சிகிச்சை தருகிற அறை) விபத்துக்கும்தான். இரண்டையும் எடுத்தும் இரண்டும் உதவவில்லை.

கடற்பஞ்சு | 1 டிசம்பர்

வருத்தமான கதைதான். ஆனால் இது ரிசார்ட்டில் தங்கினாலும் நடக்கும். பிசிஆர் தரையா படகா என்று பார்ப்பதில்லை.

கரையோரம் | 1 டிசம்பர்

பார்ப்பதில்லை. ஆனால் ரிசார்ட்டில் மதியம் பன்னிரண்டுக்கு அறையோடு சேர்ந்து கட்டிலும் கிளம்பிப் போய்விடாது.

மூச்சுக்காற்று | 2 டிசம்பர்

நான் நுரையீரல் மருத்துவர், அவ்வப்போது டைவ் பண்ணுகிறவள். ரிப்போர்ட், காப்பீடு எல்லாம் பேசிவிட்டீர்கள். ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஆறு பேரில் யாருக்குக் கோவிட் வந்தது?

நொய்யல் | 2 டிசம்பர்

மூன்று பேருக்கு, டாக்டர். எனக்கும் இன்னொருவருக்கும் லேசாக. என் மச்சான் மட்டும் மே மாதம் ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்தார். இப்போது தினமும் பாட்மின்டன் ஆடுகிறார்.

மூச்சுக்காற்று | 2 டிசம்பர்

அப்படியானால் மச்சானுக்கு ஸ்கேன் எடுக்காமல் யாரும் முன்பணம் கட்ட வேண்டாம்.

காரணம் எளிது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த ஒரு லிட்டர் காற்று மேலே வரும்போது இரண்டு லிட்டர் ஆகிவிடும். நல்ல நுரையீரல் அதை ஊதித் தள்ளிவிடும். தழும்பு விழுந்த இடத்தில் காற்று சிக்கிக்கொண்டால் வெளியேற வழியில்லாமல் கிழித்துக்கொண்டு ரத்தத்தில் நுழையும். அந்தக் குமிழி மூளைக்குப் போனால் ஆபத்து. பாண்டோஸ், குரமதி தீவுகளில் அழுத்த அறை இருக்கிறது, ஆனால் தெற்கு ஆரியிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை மூளை காத்திருக்காது.

2020 ஏப்ரலிலேயே பெல்ஜியத்தின் முக்குளிப்பு மருத்துவர்கள் சங்கம் வழிகாட்டல் தந்தது. அறிகுறியே இல்லாதவர் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அறிகுறி இருந்தவர் குறைந்தது இரண்டு மாதம். நுரையீரல் பாதித்து மருத்துவமனையில் படுத்தவர் மூன்று மாதம் கழித்து, அதுவும் முழுப் பரிசோதனைக்குப் பிறகே.

கடற்பஞ்சு | 3 டிசம்பர்

டாக்டர், மரியாதையோடு கேட்கிறேன். மே போய் பிப்ரவரி வந்தால் ஒன்பது மாதம். மூன்று மாதக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. தினமும் ஒரு மணி நேரம் பாட்மின்டன் ஆடுகிறவருக்கு மூச்சு இல்லை என்று எப்படிச் சொல்வது?

மூச்சுக்காற்று | 3 டிசம்பர்

மூச்சு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. காற்று எங்கேயாவது மாட்டுகிறதா என்று கேட்கிறேன். பாட்மின்டன் முதல் கேள்விக்குத்தான் பதில். மூன்று மாதம் கழிந்தால் தானாகச் சரி என்று அந்த வழிகாட்டலில் இல்லை. கழிந்த பிறகு சோதித்துப் பாருங்கள் என்றுதான் இருக்கிறது. நீங்கள் கற்றுக்கொடுக்கிறவர், மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியாதா?

கடற்பஞ்சு | 3 டிசம்பர்

தெரியும். சரி, இதில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். மச்சானுக்கு ஸ்கேன் எடுங்கள் நொய்யல். மற்ற ஐந்து பேருக்கும் என் பேச்சில் மாற்றமில்லை.

நொய்யல் | 9 ஜனவரி 2022

ஊரில் இன்று முழு ஊரடங்கு, எழுத நேரம் கிடைத்தது. ஸ்கேனில் மச்சானின் இடது நுரையீரல் கீழ்மடலில் ஒரு திட்டு. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். மனுஷர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மற்ற ஐந்து பேருக்கு முன்பணம் கட்டிவிட்டோம், வியாழன் காலை மஹிபதூ அருகே நிற்போம் என்று மின்னஞ்சலிலும் வாங்கிவிட்டேன்.

நிம்மதியாக இருந்தபோது இடி. 11ஆம் தேதியிலிருந்து வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் சோதனை. விடுப்பு கிடைக்காது என்று இரண்டு பேர் பின்வாங்கிவிட்டார்கள்.

கரையோரம் | 9 ஜனவரி

மூன்று பேருக்காக இன்னும் போகத்தான் வேண்டுமா? தேதியை நவம்பருக்கு மாற்றுங்கள். மச்சானும் வரலாம்.

கடற்பஞ்சு | 9 ஜனவரி

நவம்பரில் என்ன விதி இருக்கும் என்று கரையோரம் ஜோசியம் பார்த்துவிட்டார். போய்வாருங்கள் நொய்யல். ஏழு நாள் வீட்டில் இருந்து பழக்கமில்லாதவரா நாம்?

நொய்யல் | 14 பிப்ரவரி

மாடி அறையிலிருந்து எழுதுகிறேன். மூன்று பேரும் போய்வந்தோம், மூவரும் நெகட்டிவ். வாவுவில் அலிமதா தீவருகே ராத்திரி டைவில் செவிலிச் சுறாக்கள் முழங்காலை உரசிக்கொண்டு போயின, இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வியாழன் காலை படகு மஹிபதூவுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத் தாமதம். அந்த ஒரு மணி நேரத்தில் மழைக்காலத்தைத் திட்டிக்கொண்டே இருந்தேன், மன்னிக்கவும்.

வேடிக்கை என்னவென்றால், ஏழு நாள் தனிமை இன்றிலிருந்து ரத்து. பத்தாம் தேதி நாங்கள் கடலில் இருக்கும்போது அறிவித்திருக்கிறார்கள். இன்று இறங்குகிறவர் நேராக வேலைக்குப் போகலாம், நான் சனிக்கிழமை இறங்கிவிட்டேன். அம்மா தட்டைப் படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போகிறார். மச்சான் கீழே நின்று, மாண்டா வீடியோவை அனுப்பு என்கிறார்.

கரையோரம் | 14 பிப்ரவரி

இரண்டு நாள் தள்ளிப்போட்டிருந்தால்கூடப் போதும் என்று நான் சொல்லப்போவதில்லை.

கடற்பஞ்சு | 14 பிப்ரவரி

சொல்லிவிட்டீர்கள். நொய்யல், வாளி என்ன ஆனது?

நொய்யல் | 14 பிப்ரவரி

தோணியில் வாளி இருந்தது அண்ணா. ஜெர்மன்காரர் ஒருவர் முதல் நாளே துப்பி அலசிவிட்டார்.