4×4 கட்டத்தின் மொத்த ஆதிக்க எண் என் புரோகிராமில் 5 என்று வருகிறது; பிழை எங்கே?

கோட்டுருவியல் (கிராஃப் தியரி) தெரிந்தவர்கள் உதவ வேண்டும். பாளையங்கோட்டையில் எம்எஸ்சி படிக்கிறேன். ஆனித் தேரோட்டத்துக்கு முன் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

சாதாரண ஆதிக்க எண்ணில் சிக்கல் இல்லை: ஒவ்வொரு முனையிலும் (கட்டத்தின் புள்ளியிலும்), அல்லது அதற்கு மேல், கீழ், இடம், வலம் உள்ள பக்கத்து முனை ஒன்றிலாவது, ஒரு கொட்டை இருக்கக் குறைந்தது எத்தனை கொட்டை வேண்டும் என்பதே அது. 4×4 கட்டத்தில் முதல் வரிசையில் இரண்டாவது, அடுத்ததில் நான்காவது, பிறகு முதலாவது, மூன்றாவது என்று நான்கு புளியங்கொட்டைகளை வைத்தால் பதினாறு முனைகளும் அடங்கிவிடும், ஒன்றுகூட இருமுறை எண்ணப்படாமல். அழகான அமைப்பு.

தொல்லை கொடுப்பது மொத்த ஆதிக்கம். 1980இல் காக்கெய்ன், டாஸ், ஹெடட்னீமி அறிமுகப்படுத்திய இந்த வகையில், கொட்டை வைத்த முனைக்கும் பக்கத்தில் இன்னொரு கொட்டை வேண்டும். பைத்தானில் நெடுவரிசை நெடுவரிசையாக நகரும் புரோகிராம் எழுதினேன். 2×2க்கு 2, 3×3க்கு 3, சரி. 4×4க்கு 5 என்கிறது. அது நடக்காது. சதுரங்கப் பலகைபோல வண்ணம் பூசினால் கறுப்பு முனைகளைக் காப்பவை வெள்ளையில் உள்ள கொட்டைகள், வெள்ளை முனைகளைக் காப்பவை கறுப்பில் உள்ளவை. பலகையை இடவலமாகத் திருப்பினால் இரண்டும் இடம் மாறும். ஆகவே இரண்டு வண்ணத்திலும் குறைந்தது ஒரே எண்ணிக்கைதான் வேண்டும், விடை இரட்டைப்படைதான். கையால் போட்டால் 6.

ஒரு முனைக்கு மூன்று நிலைகள் வைத்திருந்ததை நான்காக்கினேன் (கொட்டை உண்டா, காவல் உண்டா, அதாவது பக்கத்து முனையில் கொட்டை உண்டா). கடைசி நெடுவரிசையில் காவலில்லாதவற்றைத் தள்ளினேன். வண்ணார்பேட்டையில் அறைத்தோழன் வரி வரியாகப் பார்த்தான். அதே 5.

புதிய நெடுவரிசைக்கு நகரும்போது, பழைய முனையின் காவலை முதலில் சரிபார்க்க வேண்டுமா, புதிய முனையின் நிலையை எழுதிய பிறகா?