கண்புரையோடு சேர்த்துக் கிளாக்கோமா ஆபரேஷன்: ஸ்டென்ட்டா, ஜிஏடிடியா, டிரபெகுலெக்டமியா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 67 வயசு. ரெண்டு கண்ணிலும் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்). வலது கண்ணுக்கு லட்டனோபிராஸ்ட், டைமோலால், டார்சொலமைடு மூணு சொட்டு மருந்தும் தவறாம போட்டும் கண் பிரஷர் 20, 21லயே நிக்குது. இடது 17. வலது கண் நரம்போட குழிவு (கப்) 0.75, பார்வைப் பரப்பை அளக்கிற ஃபீல்டு டெஸ்ட்ல சராசரி இழப்பு (எம்.டி.) மைனஸ் 8, கருவிழித் தடிமன் 512 மைக்ரான். புரையும் முத்திட்டு வருது. புரை எடுக்கும்போதே உள்பக்கமா சின்ன ஆபரேஷன் ஒண்ணும் செஞ்சிடலாம், கண்ணோட வடிகால்ல ஸ்டென்ட்ங்கிற சின்னத் துண்டு வைக்கலாம் இல்ல நூலால வடிகாலைத் திறக்கிற ஜிஏடிடி பண்ணலாம்னு டாக்டர் சொல்றாங்க. இதயத்துக்காக, ரத்தம் உறையாம இருக்க, ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல் ரெண்டும் சாப்பிடறாங்க. எதை வெச்சு முடிவு பண்றது? டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்?

கண்நலம்:
ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டியது கோனியோஸ்கோப்பி. கண்ணின் வடிகால் கோணம் எத்தனை பாகை திறந்திருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். ஸ்டென்ட், ஜிஏடிடி இரண்டுமே அந்தக் கோணத்தில் உள்ள டிரபெக்குலர் வலை என்ற வடிகட்டியைத் தாண்டி, அதன் பின்னால் உள்ள ஷ்லெம் கால்வாய்க்குள் கண்ணுக்குள் சுரக்கும் நீரை நேராக விடும் வேலைதான். கோணம் மூடியிருந்தால் இரண்டுக்கும் இடமில்லை. நம் பக்கம் மூடிய கோணக் கிளாக்கோமாவும் நிறைய. 'ஓப்பன் ஆங்கிள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் மட்டும் போதாது, லென்ஸ் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது, எவ்வளவு இறங்க வேண்டும்? சேதம் நடுத்தரம், கருவிழியும் மெல்லியது. (மெல்லிய கருவிழியில் கருவி அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தே காட்டும்.) இப்படிப்பட்ட கண்ணுக்கு 15-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இலக்கு வைப்பது வழக்கம். கால்வாய் வழி ஆபரேஷனுக்கு ஓர் எல்லை உண்டு. நீர் கடைசியில் போய்ச் சேருவது கண்ணின் வெளிப்புறச் சிரைகளில் (ரத்தக் குழாய்களில்). அங்கேயே 8 முதல் 11 வரை அழுத்தம் இருக்கிறது. சிங்க் அடைப்பை எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் தெருச் சாக்கடையின் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இறங்காது. அதனால் இவ்வகை ஆபரேஷன்களில் பெரும்பாலும் 14 முதல் 16 வரைதான் கிடைக்கும். 10, 11 வேண்டும் என்றால் இது வழியல்ல.

ஐஸ்டென்ட் இன்ஜெக்ட் 0.36 மி.மீ. நீளமே உள்ள டைட்டானியத் துண்டு, இரண்டு வைப்பார்கள். ஹைட்ரஸ் என்ற இன்னொரு ஸ்டென்ட் 8 மி.மீ. நீள நிட்டினால் (உலோகக் கலவை) வளைவு, கால்வாயின் கால்பங்கைத் திறந்து பிடிக்கும். ஹொரைசன் ஆய்வில் 5 ஆண்டு முடிவில் ஹைட்ரஸ் வைத்தவர்களில் 66 சதவீதம் பேர் சொட்டு மருந்தே இல்லாமல் இருந்தார்கள். புரை மட்டும் எடுத்தவர்களில் 46 சதவீதம். இந்த 46-ஐ மறக்காதீர்கள். புரையை எடுப்பதே அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அதையும் சேர்த்து ஸ்டென்ட்டின் கணக்கில் எழுதக் கூடாது.

ஜிஏடிடியில் உள்ளே எதையும் விட்டு வருவதில்லை. 5-0 அல்லது 6-0 புரோலீன் நூலின் முனையைச் சூடாக்கி மொட்டையாக்கி, கால்வாய்க்குள் 360 பாகையும் சுற்றவிட்டு, இரு முனையையும் இழுத்தால் உள்சுவர் முழுக்கக் கிழிந்து திறக்கும். நூல் விலை அற்பம். ஆனால் ரத்தக் கசிவு அதிகம்.

தியேட்டர் சிஸ்டர்:
அந்த ரத்தக் கசிவைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். புரை மட்டும்னா கருவிழியில கீறறது. அங்க ரத்தக் குழாயே கிடையாது, பெரும்பாலும் மாத்திரையை நிறுத்த மாட்டாங்க. ஜிஏடிடியில கால்வாய் முழுக்கத் திறக்குது. ஆபரேஷன் முடிஞ்சு கண் பிரஷர் இறங்கினதும் அந்த வழியாவே ரத்தம் பின்னால வரும். ரெண்டு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அது நிக்க நாளாகும். அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. இதயத்துல ஸ்டென்ட் வெச்சிருந்தா எத்தனை மாசம் ஆச்சுன்னு இதய டாக்டர் பாத்து, நிறுத்தலாமான்னு எழுத்துல தரணும். நிறுத்தக் கூடாதுன்னு அவர் சொன்னா ஜிஏடிடியை விட்டுட்டு கண் ஸ்டென்ட் பத்திக் கேளுங்க.

இன்னொண்ணு. ரத்தம் திரும்பி வராம இருக்க, முடிக்கும்போது கொஞ்சம் ஜெல்லை உள்ளயே விடுவாங்க. அதனாலயே மறுநாள் காலையில பிரஷர் 30 தாண்டலாம். முதல் நாள் செக்கப்பைத் தள்ளிப் போடாதீங்க. அதைக் குறைக்க அசெட்டசோலமைடு மாத்திரை குடுப்பாங்க; சல்பா அலர்ஜியோ கிட்னிக் கோளாறோ இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. முதல் வாரம் தலையணை உயர்த்திப் படுக்கணும், குனிஞ்சு குடம் தூக்கக் கூடாது. பார்வை புகை மாதிரி இருக்கும்; ரத்தம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல கரைஞ்சிடும்.

ஒளிக்கற்றை:
கத்திக்கு முன்னால், வடிகால் வலையில் அடித்து அழுத்தத்தைக் குறைக்கும் எஸ்எல்டி லேசர் ஏன் பேச்சிலேயே வரவில்லை? 2019-இல் வந்த லைட் ஆய்வில், லேசரில் தொடங்கியவர்களில் 74 சதவீதம் பேருக்கு 3 ஆண்டு வரை சொட்டு மருந்து தேவைப்படவில்லை. வெளிநோயாளியாகவே செய்யலாம்.

கண்நலம்:
அந்த ஆய்வு அதுவரை சிகிச்சையே தொடங்காதவர்களிடம் செய்தது. மூன்று மருந்துக்கும் அசையாத கண்ணில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. எப்படியும் புரைக்காகக் கண்ணைத் திறக்கப் போகிறார்கள். வலது கண்ணுக்கு அந்த வாய்ப்பை விடக் கூடாது. இடது கண்ணுக்கு லேசர் நல்ல யோசனை, கட்டாயம் கேளுங்கள்.

டிரபெகுலெக்டமி, அதாவது கண்ணின் வெண்படலத்துக்கு அடியில் நீர் வெளியேறப் புது வழி வெட்டும் ஆபரேஷன், அழுத்தத்தை 10, 12 வரை இறக்கும். ஆனால் அழுத்தம் அளவுக்கு மீறி விழுந்து கண் தளர்வதும், அங்கே நீர் தேங்கி உண்டாகும் கொப்புளத்தில் பல ஆண்டு கழித்துக் கூடத் தொற்று வருவதும் அதனோடு வரும் ஆபத்து. எம்.டி. மைனஸ் 8-இல் முதலிலேயே அங்கே போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஜிஏடிடியும் ஐஸ்டென்ட்டும் கண்ணின் வெண்படலத்தைத் தொடுவதில்லை. போதாமல் போனாலும் பிறகு டிரபெகுலெக்டமி செய்யவோ, மதுரை ஆரோலேபின் ஆடி (AADI) என்ற நீர் வடிகுழாய் வைக்கவோ அந்தத் திசு பழுதில்லாமல் இருக்கும். ஜென் என்கிற 6 மி.மீ. ஜெலட்டின் குழாய் அப்படியில்லை. அது வெண்படலத்துக்கு அடியில்தான் திறக்கிறது. தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்து போட வேண்டும், தழும்பு அடைத்தால் ஊசியால் கீறித் திறக்க வேண்டும். சிறு ஆபரேஷன் என்ற பெயரில் அதையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

புதியது என்பதற்காகவும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சைபாஸ் ஸ்டென்ட்டை அமெரிக்காவில் 2016-இல் அனுமதித்தார்கள். 5 ஆண்டுத் தரவில் கருவிழியின் உட்செல்கள் வேகமாகக் குறைந்தது தெரிந்ததும் 2018-இல் நிறுவனமே திரும்பப் பெற்றது.

புரை எடுத்த இடத்தில் மல்டிஃபோகல் (பல தூரத்துக்குமான) லென்ஸ் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஃபீல்டு குறைந்த கண்ணில் அது காட்சித் தெளிவை மேலும் கெடுக்கும். மோனோஃபோகல் (ஒரே தூரத்துக்கானது) போதும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிங்க. ஆபரேஷன் ஆன உடனே சொட்டு மருந்தெல்லாம் நிறுத்திடலாமா?

தியேட்டர் சிஸ்டர்:
நீங்களா நிறுத்தக் கூடாது. எந்தப் பாட்டில், எப்போன்னு டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதி வாங்குங்க. ஆபரேஷன் ஆகாத இடது கண்ணோட மருந்தையும் சேத்து நிறுத்திடறவங்க நிறைய பேர், அது தொடரணும். ஸ்டீராய்டு சொட்டு சில வாரம் ஓடும். மூணாவது நாலாவது வாரத்துல பிரஷர் திடீர்னு ஏறினா ஆபரேஷன் தோத்துடுச்சுன்னு பயந்துடாதீங்க, அந்த ஸ்டீராய்டே காரணமா இருக்கலாம். குறைச்சதும் பலருக்கு இறங்கிடும். அதனால ஒரு மாசச் செக்கப்புக்குப் போகும்போது எல்லாப் பாட்டிலையும் கையில எடுத்துட்டுப் போங்க.