மறு: ஸ்லிப்ஜாயின்ட் கத்திக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

கையால் செய்யும் மடக்குக்கத்தி பற்றிய செய்முறைக் கட்டுரை ஒன்று தமிழில் வருகிறது. 'ஸ்லிப்ஜாயின்ட்' என்ற இடத்தில் சொல் தட்டுகிறது. பூட்டு எதுவும் கிடையாது. முதுகுப்பக்கம் இருக்கும் வில்லின் அழுத்தத்தில் மட்டுமே அலகு திறந்து நிற்கும் வகை. இப்போதைக்கு 'நழுவுமூட்டு' என்று போட்டிருக்கிறேன். பேக்ஸ்ப்ரிங், டாங், கிக், ஹாஃப் ஸ்டாப், நெயில் நிக் இவற்றுக்கும் சொல் வேண்டும்.

———

> நழுவுமூட்டு

வேண்டாம் ஐயா. மூட்டு நழுவியது என்றால் எலும்பு வைத்தியரைத்தான் தேடுவார்கள். தவிர, இந்தக் கத்தியில் நழுவுவது எது? அலகின் அடிப்பகுதியைச் சதுரமாக ராவியிருப்பார்கள். வில் அதன் தட்டை முகத்தில் அழுந்திப் படுத்திருக்கும். மடக்கும்போது சதுரத்தின் மூலை வில்லை மேலே தூக்கும். மூலை கடந்ததும் வில் அடுத்த முகத்தில் 'டக்' என்று விழும். வேலை முழுக்க வில்லுடையது.

அலகை எது நிறுத்துகிறது என்று பார்த்துப் பெயர் வைத்தால் மூன்றே வகைதான். ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமி மடக்குக்கத்தியில் வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. ரிவிட்டின் இறுக்கமும், வெளியே நீண்டிருக்கும் வாலின்மேல் வைக்கும் கட்டைவிரலும்தான். அது இறுக்குமடக்கு. இங்கிலாந்தின் பழைய ஷெஃபீல்ட் பைக்கத்திகள் வில்மடக்கு. அமெரிக்கக் கத்தி செய்பவர் மைக்கேல் வாக்கரின் லைனர்லாக்கில் பிடிக்குள் இருக்கும் தகடே வளைந்து வந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும். அது பூட்டுமடக்கு. பிரெஞ்சு மடக்குக்கத்தியான ஓபினெல் 1890-இல் இறுக்குமடக்காகப் பிறந்தது. 1955-இல் சுழல்வளையம் சேர்ந்ததும் பூட்டுமடக்காகிவிட்டது. கத்தி அதே கத்தி, வகை மட்டும் மாறியது. இதைச் சொல்லவாவது மூன்று சொல்லும் ஒரே அச்சில் இருக்க வேண்டும்.

———

'வில்பூட்டு' என்றால் இன்னும் எளிதாகப் புரியாதா? மக்கள் வாயில் அதுதானே வரும்?

———

> வில்பூட்டு

வரும். ஆனால் தவறான பொருளோடு வரும். இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டு விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்கும் பைக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொண்டு வெளியே போகலாம். பூட்டு உள்ள கத்திக்கு அந்த விலக்கு இல்லை என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. பூட்டு இல்லாததுதான் இந்த வகையின் அடையாளம். அதன் பெயரிலேயே 'பூட்டு' என்று எழுதிவைப்பது வாங்குகிறவரை வம்பில் மாட்டிவிடும். கைக்கும் ஆபத்து: பூட்டு இருக்கிறதென்று நம்பி முனையால் குத்தித் திருகினால் அலகு விரல்மேல் மடங்கும்.

வில்மடக்குக்கு என் ஓட்டு.

———

வில்மடக்கு சரி. உறுப்புகளுக்கு வருகிறேன்.

பேக்ஸ்ப்ரிங்: முதுகுவில். இதில் மறுப்பு இருக்காது. நெயில் நிக், அதாவது திறப்பதற்கு நகத்தை மாட்டும் பள்ளம்: நகக்குழி. அலகின் அடிப்பகுதியான டாங் என்பதைக் 'காம்பு' என்று போடவேண்டாம். காம்பு என்றால் அரிவாளில்போலப் பிடிக்குள் செருகி நிற்பது. இங்கே அது ஆணியைச் சுற்றிச் சுழல்கிறது. அலகடி போதும்.

முதுகுவில்லைப் பற்றி எழுதும்போது கட்டுரையில் இவை விட்டுப்போகக் கூடாது. பிடியின் வால்பக்கத்து ஆணியையும் வில்லின் நடுவே போகும் ஆணியையும் (நடு ஆணி) போட்டு, அலகை இன்னும் மாட்டாமல் பார்த்தால், வில்லின் நுனி அலகடி உட்கார வேண்டிய இடத்துக்குள் ஏறக்குறைய 1 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அலகு ஏறும்போது அந்த 1 மி.மீ. வளைவுதான் பிடிப்பு. குறைந்தால் கத்தி தொளதொளவென்று திறக்கும்; கூடினால் நகம் பெயரும், வில்லும் நடு ஆணித் துளையில் விண்டுபோகும். துளையில் ஏன்? பலவீனமான இடம் அதுதான். அதனால் நடு ஆணியிலிருந்து நுனி நோக்கி வில்லைப் படிப்படியாக ஒல்லியாக ராவ வேண்டும். அப்போது வளைவு நீளம் முழுக்கப் பரவும், துளையில் குவியாது.

அலகுக்கும் வில்லுக்கும் பதமும் வேறு வேறு. இரண்டையும் ஓ1 என்னும் கருவி எஃகில் செய்தால், இரண்டையும் 800° செ. வரை காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பது பொது. பிறகு அலகை 200°-இல் பதப்படுத்தினால் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் 60 பக்கம் நிற்கும். வில்லை 420° வாக்கில் கொண்டுபோய் 50-க்குக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். அலகின் பதத்திலேயே வில்லை விட்டால் முதல் சில மடக்கலிலேயே இரண்டாகும்.

கனம்: அலகடியும் வில்லும் ஒரே கனம். சூடுபடுத்தும் வேலை முடிந்தபின் இரண்டையும் சேர்த்து உப்புத்தாளில் தேய்த்துச் சமன்செய்வது நல்லது. வில் கனத்தால் அலகு பக்கவாட்டில் ஆட்டம் கொடுக்கும். அலகடி கனத்தால் முதுகில் வில்லுக்கும் உள்தகட்டுக்கும் (பிடியின் உட்பக்கத் தகடு) நடுவே வெளிச்சம் தெரியும்.

———

> ஹாஃப் ஸ்டாப்

அலகு பாதி மடங்கியதும் ஒருமுறை நிற்பது. 'அரைநிறுத்தம்' என்பதைவிட அரைநிலை இயல்பு. 'அரைநிலையில் நிற்கிறது', 'அரைநிலை இல்லாத கத்தி' என்று வாக்கியத்தில் உட்காருகிறது. அலகடி சதுரமாக இருந்தால்தான் 90°-இல் அரைநிலை வரும். மூலையை உருட்டிவிட்டால் அலகு நிற்காமல் வழுக்கிக்கொண்டு மூடும். திறந்த நிலை, அரைநிலை, மூடிய நிலை மூன்றிலும் வில்லின் முதுகு பிடியின் முதுகோடு விரலுக்குத் தட்டுப்படாமல் ஓட வேண்டும். கத்தியை வாங்குகிறவர் முதலில் தடவிப் பார்ப்பது இதைத்தான்.

> கிக்

முட்டு. அலகடியில் இருக்கும், மூடும்போது வில்லில் போய் உட்காரும் சிறு புடைப்பு. வெட்டு விளிம்பு வில்லில் இடிக்காமல் காப்பது இதுதான். பழைய மாதிரி பிரெஞ்சு லாகியோல் கத்தி பலவற்றில் இது கிடையாது, அதனால் அவற்றைச் சட்டென்று மூடவிடாமல் கையால் தாங்கி இறக்கச் சொல்வார்கள்.

முட்டினை ராவும் அளவு பற்றி ஒரு வரி சேருங்கள். ஆணியிலிருந்து முட்டு 10 மி.மீ., அலகு நுனி 70 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், முட்டில் 0.1 மி.மீ. எடுத்தால் நுனி 0.7 மி.மீ. இறங்கும். அரத்தை இரண்டு இழுப்பு இழுத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி இழுக்க வேண்டும். குறைவாக எடுத்தால் நுனி பிடிக்கு வெளியே துருத்திப் பையைக் கிழிக்கும். கூடுதலாக எடுத்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை.

———

எல்லாம் ஏற்பு, வில்மடக்கு என்றே மாற்றிவிடுகிறேன். ஒன்று பாக்கி. சுழலாணியின் தலையைத் தட்டி மலர்த்தும்போது, அலகடிக்கும் உள்தகட்டுக்கும் நடுவே 0.05 மி.மீ. தகட்டுத் துண்டு வைத்துத் தட்டிவிட்டு, பிறகு உருவிவிடுகிறார்கள். வைக்காமல் தட்டினால் அலகு இறுகிப்போகிறது. இந்த 'ஷிம்' என்பதற்கு?

———

பட்டறையில் எல்லோரும் 'பேக்கிங்' என்கிறார்கள். அப்படியே விடுங்கள். உருவுவதற்குத் தோதாக அதில் ஒரு பக்கம் யு வடிவில் வெட்டியிருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். துளை போட்டு ஆணியில் கோத்துவிட்டால் வெளியே வராது.