ஒளி நிஜமா, நம் வசதிக்குப் போட்ட கணக்கா?

டியூஷன் வாத்தியார்
பிளஸ் டூ பையன் ஒருவன் கேட்டான்: "போன பாடத்துல ஒளி அலை, இந்தப் பாடத்துல துகள். நிஜத்துல எது சார்?" இரண்டும்தான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்போ ரெண்டுமே நாம கட்டின கதையா?" என்றான். பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அரைக்கிறுக்கன்
பையன் சொன்னதுதான் சரி. ஒளியை யாரும் பார்த்ததில்லை, ஒளி பட்ட பொருளைத்தான் பார்க்கிறோம். நடு ராத்திரியிலும் நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் சூரிய வெளிச்சம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. குறுக்கே நிலாவோ செயற்கைக்கோளோ வந்தால் தெரியும், இல்லாவிட்டால் இருட்டு. இங்கே விளக்கு எரிந்தது, அங்கே கருவி துடித்தது: கையில் இருப்பது இந்த இரண்டு சேதிதான். நடுவில் ஏதோ பயணம் செய்தது என்பது நாம் இழுத்த கோடு. கணக்கு சரியாக வருகிறதா, வைத்துக்கொள்வோம். சத்தியம் எல்லாம் செய்ய வேண்டாம்.

மூக்குக்கண்ணாடி
கோடு போய்ப் பாயைத் தள்ளுமா? 2010-ல் ஜப்பான் அனுப்பிய இக்காரஸ் விண்கலம், கப்பலுக்கு விரிப்பது போல, 14 மீட்டருக்கு 14 மீட்டர் பாய் விரித்தது. வெளிச்சம் அதன் மேல் கொடுத்த விசை சுமார் 1 மில்லிநியூட்டன், நாலைந்து அரிசி மணியின் எடை அவ்வளவுதான். அதிலேயே கலத்தின் வேகம் மாறியது. சூரியனை விட்டுக் கிளம்பிய வெளிச்சம் பூமியின் தூரத்துக்கு வந்து சேரவே 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். சூரியன் விட்ட உந்தம், அதாவது பாயைத் தள்ளப்போகும் அந்தத் தள்ளு, இன்னும் பாய்க்கு வரவில்லை. அந்த 8 நிமிடமும் அது எங்கே இருந்தது?

இன்னொன்று. 1818-ல் பாரிசில் ஃபிரெனெல் அலைக் கணக்கைப் போட்டிக்கு அனுப்பினார். நடுவர்களில் ஒருவரான பாய்சான் துகள் கட்சி. "இது சரியென்றால் வட்டத் தகட்டின் நிழலுக்கு நட்டநடுவில் வெளிச்சப் பொட்டு விழ வேண்டுமே" என்று மடக்கினார். இன்னொரு நடுவரான அராகோ சோதித்துப் பார்த்தார். பொட்டு இருந்தது! யாரும் எதிர்பார்க்காததைக் கதை எப்படி முன்கூட்டிச் சொல்லும்?

அரைக்கிறுக்கன்
அருமையான உதாரணம், ஆனால் எனக்குச் சாதகமானது. ஃபிரெனெலின் அலை எதில் ஓடியது? ஈதரில், அதாவது வெளி முழுக்க நிரம்பியிருப்பதாக அன்று நம்பிய ஊடகத்தில். பொட்டு விழுந்தது, ஈதரைக் காணோம். 1887-ல் மைக்கேல்சனும் மோர்லியும் தேடிப் பார்த்து வெறுங்கையோடு வந்தார்கள். பிரெஞ்சு எஞ்சினியர் கார்னோவும் அப்படித்தான். வெப்பம் ஒரு திரவம் என்று நம்பிக்கொண்டே 1824-ல் எஞ்சின்களின் உச்சத் திறனைப் பற்றி இன்றும் நிற்கிற முடிவைச் சொன்னார். பதில் சரியாக வந்ததால் கதையும் நிஜம் என்று ஆகிவிடாது.

அந்த 8 நிமிடம் உதைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உந்தமும் நம் கணக்கு நோட்டில் ஒரு பத்திதானே?

மூக்குக்கண்ணாடி
ஈதர் போனது, ஓர் அலையின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் சேர்ந்தால் இருட்டு என்பது போகவில்லையே. ஒளி மின்காந்த அலை என்ற மேக்ஸ்வெல் வந்தார், குவாண்டம் வந்தது, அது அப்படியே நிற்கிறது. சட்டை கிழிந்தால் ஆளே இல்லை என்பீர்களோ?

கேபிள்காரன்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஃபைபர் வேலை பார்க்கிறேன். லைன் அறுந்தால் ஓடிடிஆர் கருவியை மாட்டுவோம். அது துடிப்புத் துடிப்பாக ஒளியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளக்கும். கண்ணாடி இழைக்குள் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். 10 மைக்ரோ விநாடியில் திரும்பினால் வெட்டு 1 கிலோமீட்டரில். போய்த் தோண்டினால் அங்கே எலி கடித்திருக்கும். அலைநீளம் 1550 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாத ஒளி. நடுவில் ஒன்றுமே போகவில்லை என்றால் எலி இருக்கும் இடம் எனக்கு எப்படித் தெரிந்தது அண்ணே?

அரைக்கிறுக்கன்
தம்பி, உங்கள் கருவி ஒளியைச் சுவரில் அடித்த பந்து போல நடத்துகிறது. அதே சிங்கிள் மோடு இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதி (கோர்) 9 மைக்ரான்தான். அதற்குள் பந்துக் கணக்கு உதவாது, அலைக் கணக்குதான். மறுமுனையில் ஒளியை வாங்கும் டயோடில் துகள் கணக்கு. ஒரே கேபிளில் மூன்று கதை. இதில் எது நிஜம்?

கேபிள்காரன்
எனக்கு எலிதான் நிஜம்.

டியூஷன் வாத்தியார்
சிரித்துவிட்டேன். ஆனால் துகளுக்கு ஒளிமின் விளைவு, அதாவது ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் கிளம்புவது, இருக்கிறதே. ஐன்ஸ்டைன் 1905-ல் சொன்னது, அதற்குத்தான் நோபல்.

அரைக்கிறுக்கன்
சார், அதைத்தான் 1969-ல் லாம்பும் ஸ்கல்லியும் கவிழ்த்தார்கள். அணுவுக்கு மட்டும் குவாண்டம், ஒளி பழைய அலை என்று வைத்தாலே அந்த விளைவின் முக்கியமான அம்சங்கள் வந்துவிடும் என்று காட்டினார்கள். லாம்பும் நோபல்காரர்தான். ஒளித் துகளுக்கு வைத்த ஃபோட்டான் என்ற சொல்லே வேண்டாம் என்று 1995-ல் கட்டுரையே எழுதினார்.

மூக்குக்கண்ணாடி
உண்மை. பாடப்புத்தகங்கள் இதை விழுங்கிவிடுகின்றன. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 1986-ல் கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே மூவரும் கால்சியம் அணுக்களிலிருந்து ஒவ்வொன்றாக ஃபோட்டானை எடுத்துப் பாதி ஊடுருவும் கண்ணாடியில் விட்டார்கள். வெறும் அலையென்றால் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கக் கருவியும் சில சமயம் சேர்ந்தே துடிக்க வேண்டும். அந்த அளவுக்குத் துடிக்கவில்லை. அதே ஒளியை இரண்டு வழியில் விட்டுச் சேர்த்தால் அலைக்குரிய வெளிச்ச-இருட்டுப் பட்டைகள் வந்தன. ஆக, குட்டிப் பந்தும் பொய், குளத்து அலையும் பொய். பொய்யானது நம் படங்கள்தான். கண்ணாடிக்கு வந்த சரக்கு பொய்யில்லை.

அரைக்கிறுக்கன்
"சரக்கு" என்று சொல்லும்போதே அது என்ன என்று உங்களுக்கும் சொல்ல வரவில்லை, பார்த்தீர்களா?

மூக்குக்கண்ணாடி
வரவில்லைதான். பெயர் வைக்கத் தெரியாவிட்டால் பிள்ளையே இல்லை என்றா அர்த்தம்?

டியூஷன் வாத்தியார்
சரி, நாளைக்குப் பையனிடம் அந்த 8 நிமிடக் கேள்வியைப் போடப் போகிறேன்.

அரைக்கிறுக்கன்
"அதுவும் கணக்கு நோட்டுதான் சார்" என்று சொன்னால் பையனை என்னிடம் அனுப்பிவிடுங்கள்.