புதுப்பிப்பு: அம்மாவின் தொடை வலியும் கொழுப்பு மாத்திரையும்

கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. ஆரம்பித்த மூன்றாவது வாரமே அம்மாவுக்கு இரண்டு தொடையிலும் வலி, நிறுத்திவிடலாமா என்று இரண்டு மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். நாங்களாக நிறுத்தவில்லை, டாக்டரிடமே போனோம். தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. அளவு சரியாகவே இருந்தது. ஆனால் தைராய்டு சுரப்பு குறையும்போது ஏறும் டி.எஸ்.எச். அளவு 18, மிக அதிகம்! தைராய்டு சுரப்பு குறைந்தால் கெட்ட கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும். ஸ்டாட்டின் அந்த வலியை இன்னும் கூட்டலாம். இதை முதலிலேயே பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

டாக்டர் ஸ்டாட்டினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லி, தைராய்டு குறையை ஈடுகட்டும் தைராக்ஸின் மாத்திரை கொடுத்தார். தைராய்டு சீரானதும் கொழுப்பைத் திரும்பப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் வேறொரு ஸ்டாட்டினான ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. தரலாமாம். நேற்று அம்மா கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறினார்.

சிறுநீர் கறுத்தால் தசை கடுமையாகச் சிதைவதன் அறிகுறியாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் ஓடுங்கள் என்று எழுதிய அக்காவுக்கு நன்றி. டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்டார்.